பத்து நிமிடத் தவணை

ஒரு ரவுட்டருக்குள் எந்நேரமும் இரண்டு கான்ஃபிக் இருக்கும். ஒன்று இந்த நொடி ஓடிக்கொண்டிருப்பது. மற்றது, மின்சாரம் போய் வந்தால் எழுந்து ஓடப்போவது. சிஸ்கோ கருவிகளில் முன்னதற்கு ரன்னிங்-கான்ஃபிக் என்று பெயர். அது ராமில் இருக்கிறது, கருவி அணைந்தால் அதுவும் போய்விடும். பின்னது ஸ்டார்ட்டப்-கான்ஃபிக், மின்சாரம் போனாலும் அழியாத என்விராம் என்ற சின்ன நினைவகத்தில் கிடக்கிறது. 1990களில் பரவலாகப் புழங்கிய 2500 வரிசை ரவுட்டர்களில் அந்த நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம் வெளியுலகத்தோடு பேசுவதற்கான அத்தனை விதிகளும் அதற்குள் அடங்கின.

இரண்டு கான்ஃபிக்கும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கட்டளை வரியில் உட்கார்ந்து நெட்வொர்க்கைத் திருத்துகிறவரின் கைத்திறன் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் வெளிப்படுகிறது. அதை எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எப்போது மூடுவது என்பதுதான் வித்தை. அது கைவந்த ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, துடிக்கும் கர்சர். வெளிர்நீலத்தில் தட்டையாக ஒரு கன்சோல் கேபிள்; வினாடிக்கு 9600 பிட் என்ற ஆதிகால வேகம். படமோ பொத்தானோ கிடையாது. ஆனால் கான்ஃபிக் என்பது வெறும் எழுத்து. எந்தப் போர்ட் எந்த வீலான் என்ற உட்பிரிவில், எந்த முகவரிக்குப் போக எந்த வழி, யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதெல்லாம் வரி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தாக இருப்பதால் வாசிக்கலாம், ஒப்பிடலாம், எழுதியவரின் குணத்தைக்கூட ஊகிக்கலாம். ரசிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கட்டளை மொழியின் பிறப்பிடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்றே சொல்லலாம். அங்கே பணியாற்றிய லெனார்ட் போசாக்கும் சாண்டி லெர்னரும் 1984 டிசம்பரில் சிஸ்கோவைத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஆரம்பகால ரவுட்டர் மென்பொருள், அதே பல்கலைக்கழகத்தில் வில்லியம் யேகர் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. அந்த நாட்களில் அங்கே புழங்கிய பெரிய கணினிகளில் டாப்ஸ்-20 என்ற இயங்குதளம் ஓடியது. அதில் கேள்விக்குறி போட்டால் அடுத்து என்ன எழுதலாம் என்று அதுவே சொல்லும். சொல்லின் முதல் சில எழுத்தை அடித்தாலே புரிந்துகொள்ளும். சிஸ்கோவின் கட்டளை வரியில் அந்தச் சாயல் அப்படியே இருக்கிறது. ‘ஷோ’ என்று அடித்து ஒரு இடம் விட்டு ? போட்டால், காட்டக்கூடியவற்றின் பட்டியல் வரும். ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று முழுசாக எழுத வேண்டியதில்லை, ‘கான்ஃப் டி’ போதும். ‘ஷோ ரன்னிங்-கான்ஃபிக்’ என்பது ‘ஷ் ரன்’ ஆகிவிடும். மனப்பாடம் செய்யாதவரும் தடவித் தடவிப் போய்ச் சேரலாம். மனப்பாடமானவர் மூன்றெழுத்தில் பறக்கலாம். ஒரே வாசலில் இருவருக்கும் இடம் வைத்தது சாதாரண விஷயமில்லை. இன்றைய எத்தனையோ அலங்காரத் திரைகளுக்கு இது கைகூடவில்லை.

பிழை செய்தால் அது திட்டுவதும் அளவோடுதான். தப்பு நடந்த எழுத்துக்கு நேர் கீழே ஒரு கூரைக்குறி வரும். அவ்வளவுதான், இங்கே தடுமாறினாய் என்று அர்த்தம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அதன் நடத்தை எரிச்சலூட்டும். ‘ஷோ’ என்பதை எழுத்து மாற்றி அடித்துவிட்டால், அது ஏதோ ஒரு கணினியின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பெயருக்கு முகவரி தேடிக் கிளம்பிவிடும். தேடி முடிக்கும்வரை திரை உறைந்து நிற்கும். அதனால்தான் அனுபவசாலிகள் எழுதும் கான்ஃபிக்கில் தொடக்கத்திலேயே ‘நோ ஐபி டொமைன்-லுக்கப்’ என்ற வரி இருக்கும். அதைக் கண்டதும், எழுதியவர் கன்சோலில் உட்கார்ந்து கஷ்டப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இங்கே எல்லாக் கட்டளைக்கும் எதிர்ச்சொல் ஒன்றுதான்: ‘நோ’. எதைப் போட்டீர்களோ அதன் முன்னால் ‘நோ’ சேர்த்தால் நீங்கிவிடும். இலக்கணம் எளிமையாக இருப்பதால் அபாயம் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று சொல்லும் பழைய எண்வகை அணுகல் பட்டியல் ஒன்றில் ஒரே ஒரு வரியை நீக்க நினைத்து, அந்த வரிக்கு முன் ‘நோ’ சேர்த்து அடித்தால், அந்த வரி மட்டும் போகாது. அந்த எண்ணுள்ள பட்டியல் முழுவதும் போய்விடும். அதேபோல, பல வீலான்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட்டில் புதிதாக ஒரு வீலானை அனுமதிக்கும்போது ‘ஆட்’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால், இருக்கிற பட்டியலோடு அது சேராது. பழைய பட்டியலை அழித்துவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். விடுபட்டது ஒரு சொல், துண்டானது மூன்று மாடி. இந்தப் பிழை தெரியாத நெட்வொர்க் குழு உலகத்தில் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

இவ்வளவுக்கும் காரணம், சிஸ்கோவின் பாரம்பரிய முறையில் என்டர் தட்டிய நொடியே ஒவ்வொரு வரியும் உயிர் பெற்றுவிடுகிறது. பத்து வரி எழுத வேண்டியிருந்தால், ஐந்தாவது வரியில் நெட்வொர்க் பாதி மாறிய நிலையில் நிற்கும். அந்தப் பாதி நிலையைத் தாங்கும்படி வரிகளின் வரிசையை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். அணுகல் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். ஒரு இன்டர்ஃபேஸில் பட்டியல் எண்ணை மட்டும் மாட்டிவைத்து, பட்டியலில் இன்னும் எதுவும் எழுதவில்லை என்றால், எல்லாமே தாராளமாகப் போய்வரும். முதல் வரியை எழுதிய கணத்தில் நிலைமை மாறிவிடும். எந்தப் பட்டியலின் அடியிலும் ‘மற்ற அனைத்தும் மறுக்கப்படும்’ என்ற கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்று உண்டு; அது அப்போது விழித்துக்கொள்கிறது. அந்த முதல் வரியில் உங்கள் கணினிக்கு இடம் இல்லையென்றால், இரண்டாவது வரியை அடிக்க நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஆகவே தேர்ந்தவர் பட்டியலை முழுக்க எழுதி முடித்துவிட்டுத்தான் இன்டர்ஃபேஸில் மாட்டுவார். கழற்றும்போது முதலில் இன்டர்ஃபேஸிலிருந்து கழற்றிவிட்டு அப்புறம்தான் பட்டியலைத் தொடுவார்.

தொலைதூரத்திலிருந்து ஒரு ரவுட்டருக்குள் நுழைந்து, நாம் நுழைந்த வழியையே திருத்துவது என்பது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலை. செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. கருவி இருப்பது வேறு ஊர், அறைச் சாவி யாரிடமோ, மணி இரவு இரண்டு. இதற்குப் பழையவர்கள் கண்டுபிடித்த தந்திரம்தான் இந்தக் கலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் ஓடுகிற கான்ஃபிக்கைச் சேமித்துவிடுவார்கள். இரண்டும் இப்போது ஒன்று. பிறகு ‘ரீலோட் இன் 10’ என்று அடிப்பார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் நீயே உன்னை அணைத்து மறுபடி எழுந்துகொள் என்று ரவுட்டருக்கு இடப்படும் ஆணை அது. அதற்கப்புறம்தான் ஆபத்தான மாற்றம். மாற்றம் சரியாக விழுந்தால், இணைப்பு உயிரோடு இருந்தால், ‘ரீலோட் கேன்சல்’. எல்லாம் சோதித்தபின் சேமிப்பு. கிளை முறிந்து இணைப்பு போய்விட்டதா, பதற வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் போதும். பத்தாவது நிமிடத்தில் ரவுட்டர் தானே எழுந்து, சேமித்து வைத்த பழைய கான்ஃபிக்கைப் படித்து, பழைய நிலைக்கு வந்து நிற்கும். சேமிக்காமல் விட்ட இடைவெளிதான் காப்பாற்றியது. நினைவகம் அழிந்துபோவது என்ற பலவீனத்தையே பாதுகாப்பாக மாற்றிய இந்தப் புத்தியை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

இதில் வரிசை தவறினால் எல்லாம் வீண். மாற்றத்தைச் செய்துவிட்டு அப்புறம் ‘ரீலோட் இன்’ அடித்தால், கான்ஃபிக் மாறியிருக்கிறதே, சேமிக்கட்டுமா என்று ரவுட்டர் மரியாதையாகக் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. திரும்பி வரும் வழியை நாமே அடைத்துவிட்டோம். இரவுப் பணியில் இளையவர் ஆர்வமாக, “சார், ரைட் மெம் போட்ரலாமா?” என்பார். மூத்தவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இருப்பா, முதல்ல பிங் போகுதா பாரு” என்பார். ‘ரைட் மெமரி’ என்ற பழைய சேமிப்புக் கட்டளையைப் பலர் ‘டபிள்யூஆர்’ என்று இரண்டெழுத்தில் அடிப்பார்கள். மூன்று வரிக்கு ஒருமுறை அதைத் தட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது சுறுசுறுப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது கை அரிப்பு.

இந்த முழு நாடகத்தையும் வேறொரு கோணத்தில் யோசித்தது ஜூனிப்பர். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்து, ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் பணியாற்றிய பிரதீப் சிந்து 1996இல் தொடங்கிய நிறுவனம் அது. எம்40 என்ற முதல் ரவுட்டர் 1998இல் ஜூனோஸ் என்ற இயங்குதளத்தோடு வந்தது. ஜூனோஸில் நீங்கள் அடிப்பது எதுவும் உடனே ஓடாது. எல்லாம் ஒரு வரைவுக்குப் போகும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள், அழியுங்கள், மறுபடி எழுதுங்கள். நெட்வொர்க்குக்கு எதுவும் தெரியாது. ‘ஷோ’ போட்டு ஒரு பைப் குறி, அப்புறம் ‘கம்பேர்’ என்றால், ஓடுகிற கான்ஃபிக்குக்கும் வரைவுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் கூட்டல் குறி, கழித்தல் குறியோடு வந்து நிற்கும். ‘கமிட் செக்’ இலக்கணப் பிழை பார்க்கும். ‘கமிட்’ என்றால்தான் மொத்தமும் ஒரே மூச்சில் நடைமுறைக்கு வரும். பாதி நிலை என்ற பேச்சே இல்லை.

மகுடம் ‘கமிட் கன்ஃபர்ம்டு’. மாற்றத்தை நடைமுறைப்படுத்து, குறித்த நேரத்துக்குள் நான் மறுபடி உறுதி சொல்லாவிட்டால் நீயே பழையதற்குத் திரும்பிவிடு. நேரம் எதுவும் சொல்லாவிட்டால் பத்து நிமிடம். ‘ரீலோட் இன் 10’ தந்திரம் இங்கே முறையான ஏற்பாடாகிவிட்டது. அதைவிட முக்கியம், பழைய நிலைக்குத் திரும்ப ரவுட்டர் அணைந்து எழ வேண்டியதில்லை. கான்ஃபிக் மட்டும் பின்வாங்கும். முந்தைய 49 கான்ஃபிக்குகளைக் கருவியே அடுக்கி வைத்திருக்கும். ‘ரோல்பேக் 3’ என்றால் மூன்று படி பின்னால் உள்ளது வரைவாக வந்து நிற்கும். அதையும் பார்த்துவிட்டுத்தான் கமிட் செய்ய வேண்டும். ஒவ்வொரு கமிட்டுக்கும் ஏன் செய்தேன் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதலாம். தேவையில்லாத பகுதியை அழிக்காமல் ‘டீஆக்டிவேட்’ செய்து தூங்க வைக்கலாம். கோப்பில் அது இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

நேர்த்தியில் ஜூனோஸ் மேல் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் பழைய சிஸ்கோ முறையில் பழகியவரிடம் ஒரு கூர்மை இருக்கிறது. அவர் ஒவ்வொரு என்டருக்கும் முன்னால் அரை நொடி நிற்பார். அந்த அரை நொடியில் நெட்வொர்க் முழுவதும் அவர் மனக்கண்ணில் ஓடும். ஜூனோஸில் வளர்ந்தவருக்கு அந்தத் தேவை வரவில்லை. நல்ல கருவி மனிதரை மழுக்கிவிடும் என்று சொல்லவரவில்லை. இரண்டிலும் பழகியவரை வேலைக்கு எடுங்கள் என்பேன்.

லாட்வியாவின் மிக்ரோடிக் மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறது. அங்கே சேமிப்பு என்ற தனிக் காரியமே இல்லை. அடித்தது அடித்தபடி நிலைத்துவிடும். பதிலுக்கு ‘சேஃப் மோட்’ உண்டு. கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதற்குள் இருக்கும்போது உங்கள் இணைப்பு அறுந்தால், செய்ததையெல்லாம் கருவியே திரும்ப எடுத்துக்கொள்ளும். மலிவான கருவியில் இப்படியொரு கரிசனம் இருப்பது அழகு. ஆனால் அதைப் போட மறந்தால் கேட்க நாதியில்லை.

சிஸ்கோவும் சும்மா இருக்கவில்லை. பிற்பாடு ‘ஆர்க்கைவ்’ வந்தது, பழைய கான்ஃபிக்குகளை எண்ணிட்டு அடுக்க. ‘கான்ஃபிகர் ரிப்ளேஸ்’ வந்தது. ‘ரிவர்ட் டைமர்’ வந்தது. ‘கான்ஃபிகர் கன்ஃபர்ம்’ சொல்லாவிட்டால் தானாகப் பின்வாங்கும். இவற்றில் ‘ரிப்ளேஸ்’ ஏன் பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

‘காப்பி’ என்ற கட்டளையைப் பார்த்தால் நகலெடுக்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்குக்கு எதையாவது நகலெடுத்தால், உண்மையிலேயே பழையது போய்ப் புதியது உட்காரும். ஆனால் ரன்னிங்-கான்ஃபிக்குக்கு நகலெடுத்தால், அந்தக் கோப்பிலுள்ள வரிகளை யாரோ வேகமாகத் தட்டச்சு செய்ததுபோல ஒவ்வொன்றாக ஓடுகிற கான்ஃபிக்கோடு கலக்கும். கோப்பில் இருப்பது வந்து சேரும். கோப்பில் இல்லாதது அப்படியே இருக்கும். நேற்றைய நல்ல கோப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன், இன்றைய தப்பு ஏன் போகவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு விடை இதுதான். தப்பான வரியை நீக்கச் சொல்லும் ‘நோ’ எதுவும் நேற்றைய கோப்பில் இல்லையே! ‘ரிப்ளேஸ்’ இரண்டையும் ஒப்பிட்டு, தேவையான ‘நோ’க்களைத் தானே எழுதி, கோப்பில் உள்ள நிலைக்குக் கருவியைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இந்தக் கலக்கும் குணத்துக்கு ஒரு நுட்பமான பின்விளைவு உண்டு. ரசிகர்கள் கூடினால் இதைப் பேசாமல் பிரிவதில்லை. சிஸ்கோ கான்ஃபிக் இயல்பு நிலையில் உள்ளவற்றை எழுதிக் காட்டாது. ஓர் இன்டர்ஃபேஸ் மூடியிருந்தால் ‘ஷட்டவுன்’ என்று காட்டும். திறந்திருந்தால் எதுவும் சொல்லாது. ஆனால் புது ரவுட்டரின் இன்டர்ஃபேஸ்கள் பிறக்கும்போதே மூடித்தான் பிறக்கின்றன. ஆகவே நன்றாக ஓடும் ஒரு ரவுட்டரின் கான்ஃபிக்கை எழுத்துப் பிசகாமல் புதியதில் ஒட்டினால், எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றுகூட வேலை செய்யாது. ‘நோ ஷட்டவுன்’ என்ற வரி மூலத்தில் எங்குமே எழுதப்படவில்லை. எழுதாமல் விட்டதையும் வாசிக்கத் தெரிந்தவரே இங்கே நல்ல வாசகர்.

கடவுச்சொல் மறந்துபோன ரவுட்டரைத் திறக்கும் முறையில் இதுவரை சொன்ன எல்லாமே ஒன்றுகூடுகிறது. ரவுட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும், வழக்கமாக 2102 என்று இருக்கும் ஹெக்ஸ் எண்ணை 2142 ஆக்கி எழுப்பினால், ரவுட்டர் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்கைப் படிக்காமல் வெறுமையாக எழும். கடவுச்சொல் கேட்காது, ஏனென்றால் கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்தபின் ஸ்டார்ட்டப்பை ரன்னிங்குக்கு நகலெடுக்க வேண்டும். திசை மாற்றி, ரன்னிங்கை ஸ்டார்ட்டப்புக்கு நகலெடுத்தால், வெற்றுக் கான்ஃபிக் போய் நல்லதை அழித்துவிடும். சரியான திசையில் செய்தால் பழைய கான்ஃபிக் வந்து கலக்கும், நாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம், புதுக் கடவுச்சொல் போட்டுக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸ்கள் மட்டும் மூடியே கிடக்கும்; ஒவ்வொன்றாகப் போய் ‘நோ ஷட்டவுன்’ சொல்ல வேண்டும். எண்ணை 2102க்கு மாற்றிவிட்டுச் சேமித்தால் முடிந்தது. இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு இரண்டு கான்ஃபிக் என்ற ஏற்பாடு ஆயுளுக்கும் மறக்காது.

இனி வாசிப்பு. ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரியைக் கருத்துரை என்று சிஸ்கோ வைத்துக்கொள்கிறது, ஆனால் அதைச் சேமிப்பதில்லை, ஏற்றும்போதே உதறிவிடும். மனித வார்த்தை தங்கும் இடங்கள் குறைவு: இன்டர்ஃபேஸின் ‘டிஸ்க்ரிப்ஷன்’, அணுகல் பட்டியலின் ‘ரிமார்க்’. அந்தக் குறுகிய இடத்தில் ஒருவர் என்ன எழுதுகிறார் என்பதில்தான் ஆள் தெரியும். ‘அப்லிங்க்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர் ஒரு ரகம். எதிர்முனைக் கருவியின் பெயர், அதன் போர்ட், சர்க்யூட் எண் மூன்றையும் எழுதுகிறவர் இன்னொரு ரகம். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கருவிக்குள் வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக எழுதியது அது. ‘தற்காலிகம், அடுத்த வாரம் எடுக்கவும்’ என்ற ரிமார்க்குகளும் உண்டு. அவை வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும், கருவி ஓய்வு பெறும்வரை.

அணுகல் பட்டியலுக்கு வெறும் எண் கொடுக்காமல் பெயர் வைப்பது, வரி எண்களைப் பத்துப் பத்தாக விட்டு இடையில் செருக இடம் வைப்பது, பயன்படாத போர்ட்டுகளை மூடி ‘காலி’ என்று எழுதிவைப்பது எல்லாமே நல்ல கையின் அடையாளங்கள். கெட்ட கையின் அடையாளம், மாட்டாத பட்டியல்கள், யாரும் அழைக்காத விதிகள், என்றோ போன கம்பெனியின் முகவரிக்குப் போகும் வழி. அழிக்கப் பயந்து விட்டுவைத்தவை.

கான்ஃபிக்கைப் பிறருக்கு அனுப்புமுன் கடவுச்சொல் வரிகளைப் பாருங்கள். ‘7’ என்ற எண்ணோடு குழப்பமான எழுத்துகள் தெரிந்தால் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அந்த வகை மறைப்பைச் சில நொடிகளில் அவிழ்த்துவிடலாம். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்ப்பவரைத் தடுப்பதற்கு மேல் அதனால் பயனில்லை. இன்னொன்று: சுவிட்சுகளில் வீலான்களின் பட்டியல் பெரும்பாலும் கான்ஃபிக்கிலேயே இருக்காது, ஃபிளாஷில் தனியாக ஒரு கோப்பில் இருக்கும். கான்ஃபிக்கை அழித்துவிட்டு சுவிட்ச் சுத்தமாகிவிட்டது என்று வேறு நெட்வொர்க்கில் செருகினால், பழைய வீலான்களும் கூடவே வரும்.

கருவிக்கு வெளியே நகல் வைப்பது தனிக் கலை. ஆரம்பத்தில் எல்லாரும் டிஎஃப்டிபி பயன்படுத்தினார்கள். 512 பைட் துண்டுகளாக அனுப்பும், கடவுச்சொல்லே கேட்காத எளிய நெறிமுறை அது. பிறகு ரான்சிட் என்ற மென்பொருள் வந்தது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவிக்குள்ளும் நுழைந்து, கான்ஃபிக்கை எடுத்து, முந்தையதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பும். யூனிக்ஸின் ‘டிஃப்’ 1974இலிருந்து இருக்கிறது. அதை ரவுட்டரின் மீது திருப்பியதுதான் சாதனை. இப்போது பலர் அதே வேலையை ஆக்ஸிடைஸ்டு, கிட் போன்ற மென்பொருள்களைக் கொண்டு செய்கிறார்கள். காலையில் அந்த மின்னஞ்சலைத் திறந்தால், ராத்திரி யார் கை எங்கே பட்டது என்பது கூட்டல் கழித்தலில் தெரியும். சில சமயம் யாரும் கை வைக்காமலே மாறியிருக்கும். பழைய சிஸ்கோ கருவிகள் தம் கடிகாரத்தின் ஓட்டத்தைத் தாமே அளந்து ‘என்டிபி கிளாக்-பீரியட்’ என்ற வரியைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் விட ரான்சிட்டுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

2002இல் நெட்வொர்க் இயக்குபவர்களும் நெறிமுறை வகுப்பவர்களும் கூடிப் பேசினார்கள். அதன் தொகுப்பு 2003இல் ஆர்.எஃப்.சி. 3535 என்று வெளிவந்தது. இயக்குபவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கான்ஃபிக்கை டிஃப் போன்ற எழுத்துக் கருவிகளால் கையாள முடிய வேண்டும் என்பது. ஆகவே கருவிகள் தம் விருப்பத்துக்கு வரிகளை இடம் மாற்றக் கூடாது என்பதும். அந்தப் பேச்சின் விளைவாக நெட்கான்ஃப் என்ற நெறிமுறை வந்தது, பிறகு தானியங்கி முறைகள் எல்லாம் வந்தன. வரைவு, சரிபார்ப்பு, உறுதி சொல்லாவிட்டால் பின்வாங்கல் எல்லாம் அதிலும் இருக்கின்றன. ஆயிரம் கருவிகளை ஒரே நேரத்தில் திருத்த அதுதான் வழி, மறுப்பதற்கில்லை.

ஆனால் திரும்பும் வழி இல்லாத மாற்றம் எந்த முறையில் செய்தாலும் ஒன்றுதான். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அறிய இட்ட ஒரு கட்டளை அதன் இணைப்புகளையே துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனை நிரலிலும் பிழை. சுமார் ஆறு மணி நேரம் எதுவும் இயங்கவில்லை. சரிசெய்யப் போன பொறியாளர்களுக்கு வழக்கமான தொலைவழி அணுகல் இல்லை. தரவு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில், ஏழு கட்ட மேம்பாட்டின் ஆறாவது கட்டத்தில், ஒரு வழித்தட வடிகட்டி நீக்கப்பட்டது. வெள்ளமாக வந்த வழித்தடங்களில் மைய ரவுட்டர்கள் மூழ்கின. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள், சுமார் 26 மணி நேரம். கருவிகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்கும் அதே மையத்தை நம்பியிருந்ததால், உள்ளே போய்ப் பார்க்கவே வழியில்லை. முந்தைய ஐந்து கட்டங்கள் நல்லபடியாக முடிந்ததால், ஆறாவதை அபாயம் குறைந்தது என்று வகைப்படுத்தியிருந்தார்கள்.

இந்தக் கட்டளை மொழி யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கும் நடந்தது. அரிஸ்டா நிறுவனத்தின் சுவிட்சுகளில் சிஸ்கோவில் பழகியவர் கை தடுமாறாமல் வேலை செய்யலாம். 500க்கும் மேற்பட்ட எங்கள் கட்டளைத் தொடர்களை எடுத்துக்கொண்டார்கள் என்று 2014 டிசம்பரில் சிஸ்கோ வழக்குப் போட்டது. 2016 டிசம்பரில் கலிபோர்னியாவில் நடுவர் குழு, இந்தத் துறையில் எவரும் இப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டு அரிஸ்டா பக்கம் நின்றது. 2018 ஆகஸ்ட்டில் அரிஸ்டா 40 கோடி டாலர் கொடுத்து, இரு நிறுவனங்களுக்கும் இடையிலிருந்த வழக்குகளை முடித்துக்கொண்டது. நடுவர்கள் சொன்னது எனக்குச் சம்மதம். இத்தனை பேர் விரலில் ஊறிவிட்ட மொழிக்கு வேலி போட முடியாது.

இதுவரை படித்துவிட்டுக் கை துறுதுறுத்தால், கருவி வாங்க வேண்டியதில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் இலவசம். கான்ஃப் டி, ஷோ ரன், சேமிப்பு எல்லாம் அதில் பழகலாம். ஜூனிப்பரின் விஜூனோஸ் சோதனைக்கூடப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஓர் இன்டர்ஃபேஸின் முகவரியை வேண்டுமென்றே தப்பாக மாற்றி, ‘கமிட் கன்ஃபர்ம்டு’ அடித்து, உறுதி சொல்லாமல் விட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் பக்கத்தில் 1 என்று போட்டுக்கொள்ளலாம். 65535 நிமிடம் வரை அது கேட்கும்.